துப்பாக்கிக் கண்ணாடி

"இதுல பாத்தா அவங்க நம்ம கிட்ட வந்துடறாங்களேப்பா. அப்ப அவங்களுக்கும் நாம கிட்ட வந்துடறமா?"

தமிழ்நிலா ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. நடராசன் சிரித்துக்கொண்டே மகளின் தலையைத் தடவிவிட்டு, கண்ணாடிக் குழாயை இன்னொரு தரம் அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். அது நடந்து பதிமூன்று வருஷம் ஆயிற்று. இப்போது அவன் தன் வீட்டு வாசலில், வாடகைக்கு வந்த பெஞ்சின் மேல், மூக்கில் பஞ்சோடு கிடந்தான். வீட்டுக்குப் பின்னால் அவன் மனைவி பாஞ்சாலை அதே குழாயைத் துவைக்கிற கல்லின் மேல் கிடத்தி, அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள்.

"யக்கா, உடு. உட்றுன்றேன்ல."

தம்பி வெற்றிச்செல்வன் ஓடிவந்து குழவியைப் பிடித்துக்கொண்டான். காலையில்தான் பிரம்மதேசத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான்.

"கைய எடுடா. இன்னையோட ஒழியட்டும் இந்தச் சனியன்."

"ஜனம் பாக்குதுக்கா."

"எந்த ஜனம்? வாசல்ல போயி எண்ணிப் பாரு. மேளக்காரங்க நாலு பேரு. நீ. அந்தாளு மோட்டார் கொட்டாயில கூட வேல செஞ்ச சேட்டு. ரோட்ல மீன் வண்டி நின்னாகூட இதவிடக் கூட்டம் நிக்கும்."

வெற்றிச்செல்வன் குழவியைப் பிடுங்கித் தரையில் வைத்தான். குழாயைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டு வந்தான். பாஞ்சாலை துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுகைக்கும் அவளுக்கும் நடுவில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

நேற்று மத்தியானம், உப்பளத்தின் கடைசிப் பாத்திகளைத் தாண்டி, கீற்றுப் போட்டு மூடிய ஓர் உப்புக் குவியலின் மறைவில் நடராசன் செத்துக் கிடந்தான். அளத்தில் வேலை செய்கிற பெண்கள் ஒதுங்குவதற்கு இருக்கிற ஒரே இடம் அதுதான். கழுத்தில் கயிறு கட்டி அந்தக் குழாய் தொங்கியது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். ஊர் எழுதிக்கொண்டது வேறு.

அந்தக் குழாயைப் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புக்கு நடுவில் கண்டெடுத்து வாங்கி வந்தான். துப்பாக்கியின் முதுகில் மாட்டுகிற தொலைநோக்குக் கண்ணாடி. உள்ளே முடி போல இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒரு திருகின் மூடி தொலைந்துபோய், அதற்குப் பதில் இருமல் மருந்து பாட்டிலின் மூடியை வைத்து அழுத்தியிருந்தான்.

"துப்பாக்கி இல்லாத ஆளுக்குத் துப்பாக்கிக் கண்ணாடி எதுக்கு?" என்று பாஞ்சாலை அப்போதே கேட்டாள்.

"கடசிப் பாத்திக்குத் தண்ணி எட்டிச்சா இல்லையான்னு அர கிலோமீட்டரு நடந்து போயில்ல பாக்க வேண்டியிருக்குது. இதுல குந்தின எடத்துலயே பாத்துக்கலாம்."

"அந்தக் கோடு?"

"அது சுடறவனுக்கு. துப்பாக்கியில மாட்டினா, குண்டு எங்க போவுதுன்னு பாத்துப் பாத்து, இந்தத் திருகத் திருப்பி, கோட்ட அங்க கொண்டாந்து நிறுத்தணும். அது ஒரு நாள் வேல. நமக்கு அதெல்லாம் வேணாம். பாத்தா போதும்."

அவன் அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவன். கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற வேலை. முட்டி தேய்ந்த ஆளுக்கு அந்தக் குழாய் உதவியாகத்தான் இருந்தது. குத்தகைக்காரரும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார்.

எல்லாம் மூன்று வாரம் முன்பு வரைக்கும். அன்றைக்கு, அளத்தில் உப்பு வாருகிற விஜயலட்சுமி, உப்புக் குவியலின் மறைவிலிருந்து எழுந்தபோது, மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு வெளிச்சம் பளிச்சென்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணாடி வெயிலில் மின்னிய வெளிச்சம். அவள் கூச்சல் போடவில்லை. ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே கொட்டாய்க்கு நடந்தாள். நடராசன் குழாயில் கண்ணை வைத்தபடி இருந்தான்.

விஜயலட்சுமியைக் குறை சொல்ல முடியாது. ஒதுங்க ஒரு தட்டிகூடக் கட்டித் தராத இடத்தில், மானத்தை உப்புக் குவியலை நம்பி விட்டிருக்கிற பெண்கள் அவர்கள். குத்தகைக்காரர் வந்தார். "எதடா பாத்த?" என்று கேட்டார். நடராசன் பதில் பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதை யாரோ போனில் படம் பிடித்தார்கள். அன்றோடு வேலை போயிற்று.

அறையைக்கூடப் பாஞ்சாலை தாங்கிக்கொண்டிருப்பாள். அவன் வாயைத் திறக்காமல் நின்றதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ரோட்டோரம் அவள் போட்டிருக்கும் இட்லிக் கடையில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். வந்த மீதிப் பேர் சட்னியைக் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் அவள் கேட்காத விதமில்லை.

"தப்பாப் பாக்கல, பாஞ்சால. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

"பின்ன எதப் பாத்த? தண்ணி எட்டிச்சான்னு பாத்தேன்னாவது அங்க சொல்லித் தொலைக்கறதுதான?"

"அன்னைக்கு அந்தப் பக்கம் தண்ணி உடல. பொய்யின்னு எல்லாருக்கும் தெரியும்."

அதற்கு மேல் அவனிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. அவள் பேச்சை நிறுத்தினாள். ஒரு வாரம் கழித்துத் தட்டு வைப்பதையும் நிறுத்தினாள். வேலை போன பிறகும் அவன் தினம் காலையில் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, குழாயைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிப் போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்றுக் காலை இட்லிப் பானையின் மூடியைத் திறந்து, பேச்சை நிறுத்திய பிறகு முதல் தடவையாக, ஆவிக்கு நடுவிலிருந்து கேட்டாள்:

"இன்னைக்கு எவளப் பாக்கப் போற?"

அவன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

பாஞ்சாலை எழுந்து வீட்டுக்குள் போனாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"நெலா, வெளிய வா. அப்பாவுக்கு எண்ண வெக்கணும்."

"நான் வரலம்மா."

"பெத்த அப்பண்டி."

கதவுக்குப் பின்னாலிருந்து தமிழ்நிலா சொன்னாள்: "அவரு அற வாங்கற வீடியோ எங்க நர்சிங் காலேஜ் குரூப்ல வந்துச்சும்மா. திண்டிவனத்துல ஹாஸ்டல் பூராவும் பாத்துச்சு. யாருன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். இப்ப வந்து அந்த மூஞ்ச நான் எப்பிடிப் பாக்கறது?"

பாஞ்சாலை கதவின் மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். மகளைத் திட்ட வாயில் வார்த்தை இருந்தது. அதே வார்த்தை தனக்கும் பொருந்தும் என்று தோன்றியதால் விழுங்கினாள்.

வாசலில் மேளம் அலுப்பாக ஒலித்தது. முருங்கை மரத்தடியில் ஒரு பெண் தலையில் முக்காடு போட்டு, முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். பிணத்துக்குப் பக்கத்தில் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. பாஞ்சாலைக்கு ஆளைத் தெரிந்தது. மாதா கோயில் பக்கத்துத் தெரு சகாயசெல்வி. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண். விடியற்காலையில் சைக்கிளில் கடையைத் தாண்டி அளத்துக்குப் போகிறவள். கடைசிப் பாத்திகளில் தனியாக உப்பு வாருகிறவள்.

கடைசிப் பாத்திகள். பாஞ்சாலையின் மண்டைக்குள் அந்த இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்தன. நேரே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெற்றிச்செல்வன் குறுக்கே வருவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் கீற்று மறைப்பில் இருந்த குளியலறைக்குள் தள்ளினாள்.

"நீதானா அது?"

"யக்கா..."

"அந்தாளு குழாய வெச்சிக்கினு மூணு வாரமா நாய் மாதிரி போயி ரோட்டோரம் குந்திக்கினு இருந்தது உன்னப் பாக்கத்தானா? சொல்லுடி."

"ஆமாக்கா. என்னத்தான்."

அப்படி ஒரு பதிலைப் பாஞ்சாலை எதிர்பார்க்கவில்லை. சகாயசெல்வி முந்தானையை எடுத்தாள். ஒரு பக்கக் கன்னம், நெற்றிப்பொட்டிலிருந்து தாடை வரைக்கும், தோல் உரிந்து சிவந்து கிடந்தது. கிழிந்த இடங்களில் உப்பு ஏறி வெந்திருந்தது.

"எனக்கு வலிப்பு இருக்குதுக்கா."

பாஞ்சாலை அந்தக் கன்னத்தையே பார்த்தாள்.

"போன வருசம் பக்கத்து அளத்துல ஒரு பொம்பள வலிப்பு வந்து குப்புற உழுந்து செத்துப் போச்சில்ல. பாதம் நனையற தண்ணிதான். மூஞ்சு அதுல, மூக்கு அதுல. அதுலேருந்து வலிப்புக்காரங்க யாரும் அளத்துல கால வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் மறச்சிட்டேன். மாத்திர திங்கறேன்கா, இருந்தாலும் மாசத்துக்கு ஒருவாட்டி வந்துடுது. தை மாசம் மோட்டார் கொட்டாய்கிட்ட உழுந்துட்டேன். அண்ணந்தான் ஒருக்களிச்சிப் போட்டு, தெளியற வரைக்கும் கூட இருந்தாரு. கால்ல உழுந்தேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு."

"அதுக்கு?"

"'வேலைக்கு வராத'ன்னு சொல்ல அவருக்கு மனசு வரல. 'வெயில் ஏறினதுக்கப்பறம் நான் பாத்துக்கறேம்மா, நீ உழுந்தா ஓடியாறேன்'னாரு. அவ்ளோ தூரத்துலேருந்து பாத்தா நாங்க எல்லாரும் ஒண்ணுதான்க்கா. பொடவ மேல முழுக்கைச் சட்ட, தலையில துண்டு. குனிஞ்சி வார்றாளா, உழுந்து கெடக்கறாளான்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் அந்தக் குழாயில பாத்தாரு."

மேளம் நின்றிருந்தது. வாசலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி அந்த மனுசனுக்கு?" என்றாள் பாஞ்சாலை.

"கேட்டாருக்கா. 'எம்பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிக்கட்டுமா'ன்னு கேட்டாரு. நான்தான் வேணவே வேணாம்னேன். இட்லிக் கட, நாலு பேரு வந்து குந்தற எடம்னு. மாதா மேல சத்தியம் வாங்கிக்கினேன்."

பாஞ்சாலை கீற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சகாயசெல்வி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவள் போல வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வேலை போன பிறகு அவன் ரோட்டோரச் சிறுபாலத்திலிருந்து பார்த்ததை. நேற்று அவள் வலிப்பு வந்து உப்பின் மேல் விழுந்ததை. அவன் அத்தனை வரப்பையும் ஓடித் தாண்டி வந்ததை.

"எனக்குத் தெளிஞ்சப்ப என்னப் பாத்தியிலேருந்து இழுத்து, குவியல் நெழல்ல ஒருக்களிச்சிப் போட்டிருந்தாரு. பக்கத்துல நெஞ்சப் புடிச்சிக்கினு குந்தினு இருந்தாரு. 'நீ போம்மா, பொம்பளைங்க வர்ற நேரம், என் பக்கத்துல பாத்தா உன்னையும் சேத்துப் பேசுவாளுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது'ன்னாரு. போயிட்டேன்கா."

"போயிட்ட."

"போயிட்டேன்."

"அப்பறம் அவளுங்க வந்து சுத்தி நின்னு காறித் துப்பினாளுங்களே, அப்ப?"

சகாயசெல்வி தலையைக் குனிந்தாள். "நானும் நின்னேன். வாயே தொறக்கலக்கா."

பாஞ்சாலையின் கை தானாக ஓங்கியது. அடிப்பதற்கு அந்த முகத்தில் இடம் தேடியது. ஒரு பக்கம் வெந்து கிடந்தது. இன்னொரு பக்கம் கண்ணீரில் நனைந்து கிடந்தது. கை அப்படியே இறங்கித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதியது. வலித்தது. அந்த வலி வேண்டியிருந்தது.

"வெளிய வந்து சொல்லிடறேன்கா. எல்லார் முன்னாடியும். அதுக்குத்தான் வந்தேன்."

"சொன்னா?"

"வேல போவும்."

"போனா?"

"பெருசு எட்டாவது படிக்குது. சின்னது நாலாவது. வேற எந்த வேலைக்கு வலிப்புக்காரிய வெச்சிக்குவாங்க? தெரியல. போனாப் போவட்டும்கா. அண்ணன் பேரு..."

சொல்லட்டும் என்றுதான் பாஞ்சாலையின் ஒவ்வொரு நரம்பும் கத்தியது. இவள் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை சொன்னால் போதும். விஜயலட்சுமி தலைகுனிவாள். அறைந்த கையோடு குத்தகைக்காரர் மாலை வாங்கிக்கொண்டு ஓடிவருவார். உள்ளறைக் கதவு திறக்கும், மகள் அப்பா என்று கத்திக்கொண்டு வந்து விழுவாள். தெருவே அழும். அதெல்லாம் அவன் சம்பாதித்தது, அவனுக்குச் சேரவேண்டியது. பிணம் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் அந்த மனுஷன் அறை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றான். மூன்று வாரம், முதலில் பேச்சில்லாமல், பிறகு சோறும் இல்லாமல், அதே வாயை மூடிக்கொண்டே நின்றான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் 'நீ போம்மா' என்றான். கடவுளே, இதை நான் உடைக்கவா என்று பாஞ்சாலை நினைத்தாள். கடவுள் மேலும் அவளுக்கு அப்போது கோபம்தான். ஆனாலும் அவரிடம்தான் கேட்டாள்.

"யக்கா, வாய்க்கரிசிக்கு நேரமாவுது" என்று வெற்றிச்செல்வன் வெளியிலிருந்து கூப்பிட்டான்.

தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எந்தச் சாவானாலும் வாய்க்கரிசிக்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் யாரும் பெஞ்சைச் சுற்றி வரவில்லை. வேலியோரம் வரிசையாக நின்றார்கள். விஜயலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் சேட்டு, அரிசி முறத்தை நீட்டி.

"இருக்கட்டும். எட்ட நின்னு பாத்த மனுசன். நாங்களும் எட்ட நின்னே போட்டுட்டுப் போறோம்" என்றாள் விஜயலட்சுமி.

பின்னால் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு கைக்குள்ளிருந்து கசிந்தது. சேட்டுவுக்கு முகம் கறுத்தது.

பாஞ்சாலையின் பக்கத்திலிருந்து சகாயசெல்வி ஓரடி முன்னே வைத்தாள். "யக்கா, நான் ஒண்ணு சொல்லணும்..."

பாஞ்சாலை அவள் மணிக்கட்டை இறுக்கினாள். நகம் பதிகிற இறுக்கம். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அவள் உள்ளங்கையில் திணித்தாள்.

"போடு. பேசாம போடு."

சகாயசெல்வி அவள் கண்ணைப் பார்த்தாள். அதில் இரக்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பெஞ்சுக்குப் போய், மூன்று தரம் அரிசியைப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். அவள் வாய் திறக்கவில்லை.

பாஞ்சாலை வேலியோரம் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"எம்புருசன் எந்தப் பொம்பளையையும் தப்பாப் பாக்கல. எனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

"நேத்து வரைக்கும் நீயே வாசல்ல நின்னு அந்தாளக் கரிச்சிக் கொட்டினியே" என்றாள் விஜயலட்சுமி.

"ஆமா. கொட்டினேன். சோறுகூடப் போடல. அந்தப் பாவம் எனக்கு. உனக்கு வேணாம். வந்து கிட்ட நின்னு அரிசியப் போட்டுட்டுப் போ."

விஜயலட்சுமி கட்டிய கையைப் பிரித்தாள். ஏதோ சொல்ல வந்து, பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அரிசியும் போடவில்லை. திரும்பி நடந்தாள். அவளோடு நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தார்கள். நம்பி வந்தார்களா, பயந்து வந்தார்களா என்று சொல்ல முடியாது.

உள்ளறைக் கதவின் தாழ்ப்பாள் விலகியது. தமிழ்நிலா நிலைப்படியில் வந்து நின்றாள். முதலில் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். நர்சிங் படிக்கிற பெண், நோயாளியின் முகத்தில் வலி நிஜமா என்று பார்க்கப் பழகிய கண். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து முறத்தில் கையை விட்டாள்.

என்ன நடந்தது என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எலும்பு பொறுக்கி, காரியம் முடிந்து, பதினேழாம் நாள் பஸ் ஏறும்போது மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஹாஸ்டல்ல யாராவது கேட்டா எங்கப்பான்னு சொல்லிடுவேம்மா."

மறுநாள் பாஞ்சாலை ஒன்பதரை மணிக்கே இட்லிப் பானையைக் கவிழ்த்தாள். கடைசி ஆள் ஒருவன் வந்து, "அதுக்குள்ள ஆயிடிச்சா?" என்று கேட்டான். "ஆயிடிச்சி, போ" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறித் துண்டை இறக்கினாள். ஒரு சாக்கையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டாள். யாராவது கேட்டால் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லலாம்.

சிறுபாலத்துக்குப் பக்கத்தில் வேலிக்காத்தான் மரம் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளைந்திருந்தது. அடியில் ஓர் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தாள். எதிரே பாத்திகள் வெள்ளையாக விரிந்து கிடந்தன. அந்த வெள்ளையின் கடைசியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஆட்கள். குனிந்திருக்கிறார்களா, நிற்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை.

குழாயைக் கண்ணோடு ஒட்டி வைத்தாள். கறுப்பு. இன்னும் அழுத்தினாள். விளிம்பு புருவத்தில் குத்தியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. சலிப்பில் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபோது கறுப்பு ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வட்டமாக வெளிச்சம் வந்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் எதுவும் நிலையாக இல்லை. உப்பின் மேல் ஏறிய வெயில், கொதிக்கிற எண்ணெய் போல நெளிந்தது. ஆட்கள் அதில் துண்டு துண்டாக அலைந்தார்கள். குழாயின் நடுவில் இருந்த வளையத்தைத் திருப்பினாள். ஆட்கள் பெரிதானார்கள், நெளிவும் பெரிதாயிற்று. இந்த எழவை வைத்துக்கொண்டுதானா என்று பல்லைக் கடித்து மறுபக்கம் திருப்பினாள். ஓரிடத்தில் விரலுக்கு ஒரு கீறல் தட்டியது. ஆணியால் போட்ட கீறல். அதில் நிறுத்திப் பார்த்தாள். ஆட்கள் சின்னதாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் நின்றார்கள்.

கடைசிப் பாத்தியில் தனியாக ஒரு நீலச் சட்டை, சகாயசெல்வி. பலகையை முன்னே தள்ளி உப்பை வாரி இழுத்தது. குனிந்தது. நிமிர்ந்தது.

அவள் மேல் பாஞ்சாலைக்கு இருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை. சுற்றி நின்று துப்பியவர்களுக்கு நடுவில் இவளும் நின்றாள். அதை நினைத்தபோதெல்லாம் குழாய் கையில் நடுங்கியது. நடுங்கினால் நீலச் சட்டை வட்டத்தைவிட்டு ஓடியது. அதனால் அந்த நினைப்பை அப்போதைக்கு ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

பதினொன்றரை இருக்கும். நீலச் சட்டை குனிந்தது. நிமிரவில்லை. பாஞ்சாலை எழுந்துவிட்டாள். புடவையை ஒரு கையால் தூக்கிச் செருகி, சரிவில் இறங்கி முதல் வரப்பில் காலை வைத்து, இன்னொரு தரம் குழாயைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நீலச் சட்டை பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலை அங்கேயே நின்றாள். பிறகு ஏறி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு அளத்தில் வேலை முடிந்து பலகைகளைக் கழுவிச் சாய்க்கிற சத்தம் கேட்டது. குழாயைச் சாக்கின் அடியில் போட்டு, மேலே நாலு காய்ந்த குச்சிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டு பாஞ்சாலை ஊர்ப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் பின்னால் சைக்கிள் வந்து நின்றது.

"வெறகாக்கா? இந்த வெயில்ல எதுக்கு? குடுங்க, கேரியர்ல வெச்சித் தள்ளினு வர்றேன்."

சகாயசெல்வியின் கன்னம் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. முழுக்கைச் சட்டையின் முனையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பாஞ்சாலை சாக்கைக் கொடுக்கவில்லை.

"வேணாம்."

சகாயசெல்வி தயங்கி நின்றாள். பிறகு சைக்கிளில் ஏறினாள்.

"நாளைக்கு வேலைக்கு வர்றியா?" என்று பாஞ்சாலை கேட்டாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"வர்றேன்கா."

"சரி. போ."

சைக்கிள் போயிற்று. பாஞ்சாலை சாக்கை ஓர் இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.